நட்டத்தில் ஓடும் வண்டியால் நகரத்துக்கு இலாபம்: சான் பிரான்சிஸ்கோ கேபிள் கார் தரும் வியாபாரப் பாடம்

பழைய கடைகள் பலவற்றில் நட்டத்தில் ஓடும் ஒரு மூலை இருக்கும். புடைவைக் கடை வாசலில் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர், இரும்புக் கடையில் ஒன்றிரண்டாக எண்ணிக் கொடுக்கும் ஆணியும் ஸ்க்ரூவும், பலசரக்குக் கடையின் பின்பக்கத்தில் ஓடும் மிளகாய் அரைக்கும் மெஷின் என்று கடைக்குக் கடை அது வேறுபடும். வாப்பா காலத்திலோ மூத்தவாப்பா காலத்திலோ தொடங்கியதாக இருக்கும். இப்போது மகன் கணக்கியல் படித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறான். "வாப்பா, இது மாதா மாதம் நட்டம். நிறுத்திவிடுவோம்" என்கிறான். வாப்பாவுக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் "அது அந்தக் காலத்திலிருந்து இருக்கிறது" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதிலும் இல்லை.

இருவரில் யார் சொல்வது சரி? இதே கேள்வியை அமெரிக்காவின் ஒரு நகரம் 1947 ஆம் ஆண்டு வாக்குப் பெட்டி வரை கொண்டு சென்றது. அந்த நகரம் சான் பிரான்சிஸ்கோ. கேள்விக்குரிய பொருள் அங்கு ஓடும் கேபிள் கார். 2023 ஆம் ஆண்டு, அந்த வண்டிகளுக்கு 150 வயது நிறைந்த சமயத்தில், நான் அங்கு சென்று மூன்று வழிகளிலும் பயணம் செய்தேன். பார்த்ததையும் அதிலிருந்து நமது கடைகளுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியதையும் இவ்வாரம் எழுதுகிறேன்.

இன்ஜின் இல்லாத வண்டி

கேபிள் கார் என்றதும் மலைகளுக்கு இடையே ஆகாயத்தில் கம்பியில் தொங்கிச் செல்லும் பெட்டிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். இது அப்படிப்பட்டதல்ல. வீதியில் தண்டவாளத்தின் மேல் ஓடும் மரப் பெட்டி. பார்வைக்குப் பழைய ட்ராம் வண்டி போல இருக்கும். ஆனால் வண்டியில் இன்ஜின் கிடையாது, தலைக்கு மேல் மின்சாரக் கம்பியும் கிடையாது.

இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே வீதியில் ஒரு நீண்ட இடுக்கு இருக்கிறது. அதன் கீழே, நிலத்துக்கு அடியில், ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர் தடிப்பான இரும்புக் கம்பி வடம் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேகம் மணிக்கு 9.5 மைல், அதாவது சுமார் 15 கிலோமீற்றர். வண்டிக்குக் கீழே பெரிய குறடு போன்ற ஒரு கருவி உண்டு. அதை இயக்குபவரைக் கிரிப்மேன் என்கிறார்கள். அவர் நெம்புகோலை இழுத்தால் குறடு கம்பியைப் பிடிக்கும், வண்டி கம்பியோடு சேர்ந்து நகரும். பிடியை விட்டுவிட்டு பிரேக்கைப் போட்டால் நிற்கும். ஒரு கம்பி மற்றொரு கம்பியைக் குறுக்கறுக்கும் சந்திகளில் பிடியை உரிய நேரத்தில் விட்டு, தாண்டியதும் மீண்டும் பிடிக்க வேண்டும். கையில் பலமும் நிதானமும் வேண்டிய வேலை. பயிற்சிக்கு வருபவர்களில் பலர் தேறுவதில்லை. ஒரு பெண் முதன்முதலாக இந்த வேலையில் அமர்ந்தது 1998 இல்தான். அவர் பெயர் ஃபானி மே பார்ன்ஸ், அப்போது வயது 52.

பயணம் எப்படி?

இப்போது ஓடுவன மூன்று வழிகள். பவல் வீதியும் மார்க்கட் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு வழிகள் புறப்படுகின்றன. ஒன்று பவல்-மேசன், மற்றது பவல்-ஹைட். மூன்றாவது கலிபோர்னியா வீதி வழி.

பவல் சந்தியில் வட்டமான மரத் தட்டு ஒன்று தரையில் இருக்கிறது. பவல் வழி வண்டிகளை ஒரு பக்கமாக மட்டுமே ஓட்ட முடியும் என்பதால், வந்த வண்டியை அந்தத் தட்டில் ஏற்றி, கிரிப்மேனும் கண்டக்டரும் கையால் தள்ளித் திருப்புகிறார்கள். சுற்றிலும் நிற்கும் நூற்றுக்கணக்கானோர் அதைப் படம் பிடிக்கிறார்கள். நான் அங்கே வரிசையில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். கலிபோர்னியா வழி வண்டிகளை இரு பக்கமும் ஓட்டலாம், அதனால் அவற்றுக்குத் தட்டு தேவையில்லை, வேடிக்கையும் இல்லை, வரிசையும் குறைவு. அங்கே சில நிமிடங்களில் ஏறிவிட்டேன். நேரம் குறைவாக உள்ள பயணி அந்த வழியைத் தெரிவு செய்யலாம். வண்டி திரும்புவதைப் பார்க்கவே கூட்டம் சேருகிறது என்பதைக் கடை வைத்திருப்பவர் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். வேறு ஊரில் இதே வேலை கண்ணில் படாத ஒரு டிப்போவுக்குள் நடந்திருக்கும்.

பவல்-ஹைட் வழிதான் கண்ணுக்கு விருந்து. யூனியன் சதுக்கத்தின் பெரிய கடைகளைத் தாண்டி மேட்டில் ஏறி, வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்ட் வீதியின் தலைப்பில் நின்று, பிறகு ஹைட் வீதியில் கடலை நோக்கி இறங்குகிறது. அங்கு சரிவு சுமார் 21 வீதம். நூறு அடி முன்னே போனால் இருபத்தொரு அடி கீழே இறங்குகிறோம் என்று பொருள். எதிரே கடலும், நடுவில் பழைய சிறைச்சாலை இருந்த அல்கட்ராஸ் தீவும் தெரிகின்றன. இறங்கும் இடத்துக்கு அருகே கிரார்டெல்லி சதுக்கம். முன்பு சொக்லட் தொழிற்சாலையாக இருந்த அந்தக் கட்டடங்கள் இப்போது கடைத்தொகுதி. கொஞ்சத் தூரம் நடந்தால் மீனவர் துறைமுகப் பகுதி, அங்கும் வரிசையாகக் கடைகள். சிந்தித்துப் பாருங்கள், வண்டி புறப்படும் இடமும் கடைவீதி, வழியிலும் கடைவீதி, சேரும் இடமும் கடைவீதி.

கம்பி வியாபாரியின் யோசனை

இந்த வண்டியை உருவாக்கிய அண்ட்ரூ ஹலிடி தொழிலால் ஒரு கம்பி வட உற்பத்தியாளர். இலண்டனில் 1836 இல் பிறந்து 1852 இல் கலிபோர்னியாவுக்கு வந்தவர். தங்கச் சுரங்கங்களுக்கும் தொங்கு பாலங்களுக்கும் கம்பி வடம் செய்து கொடுத்துப் பெயர் எடுத்தார். 1869 இல் ஈரமான கல் வீதியில் மேடேறிய குதிரை வண்டியொன்று சறுக்கிக் குதிரைகள் மடிந்ததை அவர் கண்டார், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று அங்கு கதை சொல்கிறார்கள். அந்த இரக்கத்தோடு ஒரு வியாபாரக் கண்ணும் அவரிடம் இருந்தது. சுரங்கத்தில் கனத்தை இழுக்கும் தன் சரக்கு, நகரத்தில் மனிதரையும் இழுக்கலாமே என்று கண்டார். கையில் உள்ள சரக்குக்குப் புதிய சந்தையைத் தேடுவது என்பது இதுதான். கம்பியைப் பிடிக்கும் கருவியை வடிவமைப்பதில் வில்லியம் எப்பல்ஷைமர் என்ற பொறியியலாளர் அவருக்குக் கைகொடுத்தார்.

1873 ஓகஸ்ட் 2 ஆம் திகதி அதிகாலை கிளே வீதி மேட்டில் சோதனை ஓட்டம் நடந்தது. அதற்கென்று கூலிக்கு அமர்த்தப்பட்டவர் சரிவை எட்டிப் பார்த்துவிட்டு மறுத்துவிட, ஹலிடி தானே பிடியைக் கையில் எடுத்தார் என்று சொல்வார்கள். அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் பொதுமக்கள் ஏறத் தொடங்கினார்கள். தொழில் இலாபம் கொடுத்தது. குதிரை ஏறச் சிரமப்பட்ட மேடுகளில் காணிகளின் விலை உயர்ந்தது. ரயில்வே செல்வந்தர் லீலண்ட் ஸ்டான்போர்ட் 1878 இல் கலிபோர்னியா வீதி வழியைத் தொடங்கினார். 1873 முதல் 1890 வரை அந்நகரில் 23 வழிகள் அமைந்தன. சிகாகோ, நியூசிலாந்தின் டனீடின், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் ஆகிய நகரங்களும் அதைப் பின்பற்றின.

கம்பி ஏன் தோற்றது?

பதினைந்து வருடத்தில் எதிரி வந்தான். 1888 இல் வேர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் ஃப்ராங்க் ஸ்ப்ரேக் மின்சார ட்ராமை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு கேபிள் வழிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

காரணத்தை ஒரு வியாபாரி சுலபமாக விளங்கிக்கொள்ளலாம். கேபிள் முறையில் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கம்பி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இயந்திரத்தின் சக்தியில் பெரும் பகுதி கம்பியை இழுக்கவே செலவாகிறது, வண்டியை இழுக்க எஞ்சுவது கொஞ்சம்தான். வீதியைத் தோண்டி அடியில் கால்வாய் கட்டும் செலவு வேறு. மின்சார ட்ராமோ ஓடும்போது மட்டும் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், போடும் செலவும் குறைவு. நமது மொழியில் சொன்னால், கேபிள் கார் என்பது வாடகையும் சம்பளமும் மிக அதிகமான கடை. சனம் நிறைந்திருக்கும் வரை நல்ல இலாபம். சனம் குறைந்த அன்றைக்கும் அதே செலவு.

1906 ஏப்ரல் 18 ஆம் திகதி பூகம்பமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்தபோது வண்டிகளும் கம்பிக் கால்வாய்களும் நாசமாகின. திரும்பக் கட்டும்போது பெரும்பாலான வீதிகளுக்கு மின்சார ட்ராமே வந்தது. அந்தக் காலத்து ட்ராம்கள் ஏற முடியாத செங்குத்தான மேடுகளில் மட்டும் கம்பி நிலைத்தது. பழையது எந்த இடத்தில் பிழைத்தது என்று பாருங்கள். புதியதால் செய்ய முடியாத வேலையை அது செய்த இடத்தில் மட்டும்தான்.

1947 இல் நடந்த வழக்கு

பின்னர் மேடேறும் பலம் கொண்ட பஸ்களும் வந்தன. 1947 ஜனவரியில் மேயர் ரொஜர் லஃபம், நகரத்துக்குச் சொந்தமான பவல் வீதிக் கேபிள் கார்களை நிறுத்திவிட்டு பஸ்களை விட வேண்டும் என்று அறிவித்தார். அவர் சாதாரண அரசியல்வாதியல்ல, கப்பல் கம்பனி நடத்திய அனுபவசாலி. வண்டிகள் பழையவை, ஆபத்தானவை, வருமானத்தை விடச் செலவு கூடியவை என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழை இல்லை. மகன் வாப்பாவுக்குக் கம்ப்யூட்டரில் காட்டுவதும் இதே கணக்குத்தான்.

எதிர்த்து நின்றவர் ஃப்ரீடல் கிளஸ்மன் என்ற பெண்மணி. 1947 மார்ச் மாதம் 27 பெண்கள் அமைப்புகளின் தலைவிகளைக் கூட்டி, கேபிள் காரைக் காக்கும் குழுவொன்றை அமைத்தார். அவர் தரப்பு வெறும் பழைய நினைவுகளைப் பேசிக் காலம் கழிக்கவில்லை. இந்த வண்டியைப் பார்க்க வருபவர்கள் நகரத்தில் விட்டுச் செல்லும் பணத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்டது. வண்டியின் நட்டம் ஒரு கொப்பியில் எழுதப்படுகிறது. அந்த வண்டியால் ஹோட்டலுக்கும் கடைக்கும் வரும் இலாபம் வேறு நூறு பேரின் கொப்பிகளில் எழுதப்படுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் இல்லை.

கேபிள் காரை நகரம் தொடர்ந்து நடத்த வேண்டும் என்ற திருத்தம் அவ்வருடம் நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 166,989 வாக்குகள், எதிராக 51,457. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கும் மேல் மக்கள் வண்டியின் பக்கம் நின்றார்கள்.

ஆனால் அதோடு பிரச்சினை தீரவில்லை. தனியார் வசம் இருந்த கலிபோர்னியா வீதிக் கம்பனி காப்புறுதிச் செலவைத் தாங்க முடியாமல் 1951 இல் நின்றது. மறுவருடம் நகரம் அதை வாங்கியது. 1954 இல் வழிகள் வெட்டிக் குறைக்கப்பட்டன. 1957 இல்தான் இன்று காணும் மூன்று வழிகள் என்ற அமைப்பு வந்தது. அதாவது, பழையதைக் காப்பாற்றியவர்கள் அதை முழுமையாக வைத்திருக்கவில்லை. எது பயன் தருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1964 இல் அமெரிக்க அரசு இந்த வண்டிகளைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

செலவை யார் தாங்குவது?

இன்றும் கேபிள் கார் டிக்கட் வருமானம் அதன் முழுச் செலவுக்குப் போதாது. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஊழியர்கள் வேண்டும், திறந்த வண்டி என்பதால் விபத்து நட்டஈடும் கூடுதல். எனவே நகரம் விலையில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறது.

ஒரு தடவை ஏறுவதற்கான கட்டணம் 2005 இல் 5 டொலர், 2011 இல் 6, 2015 இல் 7, 2020 இல் 8 என்று உயர்ந்தது. அந்த 2020 இல் சாதாரண பஸ்ஸில் காசு கொடுத்து ஏறினால் 3 டொலர்தான். அது மட்டுமல்ல, பஸ் டிக்கட்டை வைத்து வேறு பஸ்ஸுக்கு மாறலாம், கேபிள் கார் ஒற்றை டிக்கட்டில் அதுவும் கிடையாது. ஆனால் அந்த ஊரவர் எடுக்கும் மாதாந்த பாஸில் கேபிள் காரும் அடங்கும், மேலதிகக் கட்டணம் இல்லை. ஒருமுறை வந்து போகும் உல்லாசப் பயணி அதிகமாகக் கொடுக்கிறார், தினமும் வாழும் உள்ளூர்வாசி கொடுப்பதில்லை. உள்ளூர்வாசியின் மனம் நோகாமல், வந்தவரிடமிருந்து செலவின் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஏமாற்றும் இல்லை. விலை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, பல தடவை ஏறுபவருக்கு நாள் பாஸும் விற்கிறார்கள்.

வொஷிங்டன் வீதியும் மேசன் வீதியும் சந்திக்கும் இடத்தில், எல்லாக் கம்பிகளையும் இழுக்கும் இயந்திரசாலை இருக்கிறது. அதற்குள்ளேயே கேபிள் கார் நூதனசாலை. அனுமதி இலவசம். பெரிய சக்கரங்கள் சுழல்வதை மேலே நின்று பார்க்கலாம். 1873 ஆம் ஆண்டின் கிளே வீதி வண்டியொன்றும் அங்கே நிற்கிறது. பார்த்து முடித்தவர்கள் அங்குள்ள கடையில் மணியோ சிறிய வண்டிப் பொம்மையோ வாங்காமல் வெளியே போவது அபூர்வம். வாசலில் காசு கேட்டிருந்தால் பாதிப் பேர் உள்ளேயே வந்திருக்க மாட்டார்கள்.

தேய வேண்டியது எது?

அந்த இயந்திரசாலையில் நான் அதிக நேரம் நின்றது குறட்டைப் பற்றிய விளக்கத்துக்கு முன்னால்தான். கம்பியைப் பிடிக்கும் இடத்தில் மென்மையான உலோகத் துண்டுகளை வைத்திருக்கிறார்கள். உராய்வில் தேய்வது அந்தத் துண்டுதான். சில நாட்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் புதியது போடுகிறார்கள். பல ஆயிரம் அடி நீளமான கம்பி வடத்தின் விலையோடு ஒப்பிட்டால் துண்டின் விலை ஒன்றுமே இல்லை. கம்பிக்குப் பூசும் பைன் மரத் தாரும் கம்பியைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. தண்டவாளத்தின் மேல் அழுத்தி நிறுத்தும் பிரேக் கட்டைகூட மரத்தால் ஆனது, அதையும் சில நாட்களில் மாற்றுகிறார்கள். மலிவான பொருள் அடிக்கடி தேயட்டும், விலையுயர்ந்த பொருள் நீண்ட நாள் இருக்கட்டும் என்ற ஏற்பாடு. டெலிவரி வேனின் எண்ணெயை உரிய நேரத்தில் மாற்றாமல் மிச்சம் பிடித்து, பிறகு இன்ஜினையே மாற்றுபவர்கள் நம்மிடையே குறைவா?

சில்லறைப் பராமரிப்பால் மட்டும் எதுவும் என்றென்றும் ஓடாது. 1982 செப்டெம்பரில் நகரம் கேபிள் கார் சேவையை முழுவதுமாக நிறுத்தியது. தண்டவாளம், கால்வாய், இயந்திரசாலை என்று எல்லாவற்றையும் ஏறத்தாழ 60 மில்லியன் டொலர் செலவில் புதிதாகக் கட்டியது. மத்திய அரசின் பணத்தோடு தனியார் நன்கொடையும் சேர்ந்தது. 1984 ஜூன் மாதம் வண்டிகள் மீண்டும் ஓடின. ஏறத்தாழ இரண்டு வருடம் மூடி வைக்க ஒரு நகரத்துக்குத் துணிவு வேண்டும். வாப்பா காலத்துப் பொருளை மதிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, அதற்கு ஒரு பூச்சுக்கூடப் பூசாமல் விட்டு வைப்பதை மதிப்பு என்று சொல்ல முடியாது.

2020 மார்ச்சில் கொரோனாவால் வண்டிகள் நின்றபோது ஒன்றரை வருடம் போல ஓடவில்லை. 2021 ஓகஸ்ட் மாதம் முழுவதும் இலவசமாக ஏற்றி, செப்டெம்பரில்தான் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். மூடிய கடையைத் திறப்பவருக்கு இதுவும் ஒரு குறிப்பு.

இனி நமது கடைக் கணக்கு

இப்போது வாசலில் இருக்கும் தையல்காரரின் விடயத்துக்கு வருவோம். நான் கொடுப்பது உதாரணத்துக்கான இலக்கங்கள், உங்கள் இலக்கங்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குச் சம்பளமும் நூல், மெஷின் செலவும் சேர்த்து மாதம் 60,000 ரூபா. அவர் வேலையால் லாச்சியில் விழுவது 35,000 ரூபா. நட்டம் 25,000. மகனின் கணக்கு இங்கே முடிகிறது.

அடுத்த படி, அவரைத் தேடி வந்து அப்படியே துணியும் வாங்குபவர்களை எண்ணுவது. நாளைக்கு நாலு பேர் என்று வைப்போம். மாதம் 26 நாள், 104 பேர். ஒருவரிடம் துணியில் 400 ரூபா இலாபம் என்றால் 41,600 ரூபா. நட்டத்தைக் கழித்தால் 16,600 மிச்சம். இது வாப்பாவின் கணக்கு, அவர் எழுதி வைக்காத கணக்கு.

ஆனால் இங்கே நிற்கக்கூடாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வருபவர்கள் எல்லோரும் கேபிள் காருக்காக மட்டும் வருவதில்லை. கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்க வருபவரும் உண்டு, வியாபார விடயமாக வருபவரும் உண்டு. அவர்கள் செலவிடும் ஒவ்வொரு டொலரையும் வண்டியின் வரவில் எழுதினால் அது பொய்க்கணக்கு. அதுபோல அந்த 104 பேரில் பாதிப் பேர் தையல்காரர் இல்லாவிட்டாலும் நமது கடைக்கே வருவார்கள் என்று வைப்போம். மிஞ்சுவது 52 பேர், இலாபம் 20,800 ரூபா. இப்போது உண்மை நட்டம் 4,200 ரூபா.

மகன் சொன்ன 25,000 நட்டமும் இல்லை, வாப்பா நினைத்த 16,600 இலாபமும் இல்லை. இந்த 4,200 ரூபாவைத் தையல்காரரை அனுப்பாமல் சரிக்கட்ட முடியுமா என்பதுதான் இப்போது இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. வேறு கடையில் வாங்கிய துணியைத் தைக்கக் கொண்டு வருபவர்கள் மாதம் 60 பேர் இருந்தால், அவர்களிடம் தையல் கூலியில் 100 ரூபா கூட்டி வாங்கலாம். நமது துணியை வாங்குபவருக்குப் பழைய கூலிதான். 6,000 ரூபா கூடுதலாக வந்து, 1,800 ரூபா இலாபத்தில் நிற்கும். உல்லாசப் பயணிக்கு 8 டொலர், ஊரவருக்குப் பாஸ் என்று அந்த நகரம் செய்ததும் இதுதான்.

எல்லாப் பழசும் கேபிள் கார் அல்ல

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, விற்காமல் கிடக்கும் சரக்கையெல்லாம் வரலாற்றுச் சின்னம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். 23 வழிகளில் 20 போய்விட்டன என்பதை மறக்கக்கூடாது. மெல்பேர்னில் கடைசிக் கேபிள் ட்ராம் 1940 இல் நின்றது, அங்கே பின்னர் மின்சார ட்ராமே நகரத்தின் அடையாளமாகிவிட்டது. நமது கொழும்பிலும் 1899 இல் தொடங்கிய ட்ராம் 1960 இல் நின்றது. நிறுத்தப்பட்ட ஒவ்வொன்றும் பிழையாக நிறுத்தப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

எனவே நட்டத்தில் இருக்கும் பழைய மூலையை வைத்துக்கொள்ள விரும்புபவர் நாலு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, புதியதால் செய்ய முடியாத எதையாவது இது செய்கிறதா? ரெடிமேட் கடையில் அளவெடுத்துத் தைத்துத் தர ஆள் இல்லை என்றால், தையல்காரர் உங்கள் மேடு. பக்கத்துக் கடையிலும் அதே வசதி இருந்தால், உங்கள் வீதி சமதரைதான், அங்கே கம்பி தோற்கும்.

இரண்டாவது, வாடிக்கையாளர் அதைக் காண்கிறாரா? பவல் சந்தியில் வண்டியைத் திருப்புவது வீதியில் நடக்கிறது. உங்கள் தையல்காரர் பின்னறையில் இருந்தால் அவரால் ஒரு புதிய ஆளும் கடைக்குள் வரமாட்டார்.

மூன்றாவது, அதனால் பயன்பெறுபவரிடமிருந்து நியாயமான விலை வாங்குகிறோமா, அல்லது பழைய காலத்து விலையில் பழைய காலத்துப் பொருளை ஓட்டிக்கொண்டிருக்கிறோமா?

நாலாவது, அதைச் செப்பனிட நாம் தயாரா? தயாரில்லை என்றால் அது தானாகவே ஒருநாள் நின்றுவிடும். அப்போது அதை நிறுத்திய தீர்மானம் நம்முடையதாகவும் இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 இல் பவல் வீதியில் வண்டிகள் நிரம்பி ஓடின, ஆனால் அதே வீதியில் மூடிக்கிடந்த கடைகளும் இருந்தன. கொரோனாவுக்குப் பின் காரியாலயங்களுக்கு ஆட்கள் வருவது குறைந்தது, இணைய வழி வியாபாரம் கூடியது. கேபிள் கார் ஆட்களை வாசல் வரை கொண்டு வருகிறது. உள்ளே வருபவருக்கு வேண்டிய சரக்கை, வேண்டிய விலையில் வைத்திருப்பது கடைக்காரரின் வேலை, அதை எந்த வண்டியும் செய்து தராது.

கிளஸ்மன் 1986 இல் காலமானபோது கேபிள் கார்களுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். ஹைட் வீதியின் முடிவில் வண்டி திரும்பும் இடத்துக்கு இன்று அவர் பெயர். மேயர் சொன்ன கணக்கை அவர் பொய்யென்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் எழுதப்படாத பக்கம் ஒன்று உண்டு என்று காட்டினார்.

வரும் திங்கட்கிழமை ஒரு சிறிய கொப்பியை எடுத்து லாச்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். பத்து நாட்களுக்கு, அந்த மூலையைத் தேடி யார் வருகிறார்கள், வந்தவர் வேறு என்ன வாங்குகிறார், அது இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா என்று மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதுங்கள். எழுதும் வேலையை மகனிடம் கொடுங்கள், கேட்கும் வேலையை வாப்பா செய்யட்டும். பதினோராவது நாள் இருவரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்த மூலையை வைத்திருப்பதா எடுத்துவிடுவதா என்பதை அந்தக் கொப்பியைக் கொண்டு தீர்மானியுங்கள்.